அவள் பேசுகிற இடங்கள்

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணும் இல்ல. எழுந்திருப்பேன். மோட்டார் போடுவேன். டேங்க் ரொம்பறதுக்குள்ள பல்லு வெளக்கிடுவேன். பால் பாக்கெட்ட எடுத்தாந்து காச்சுவேன். குக்கர் வெப்பேன். குளிச்சிட்டு, சட்டைய தேச்சிப் போட்டுக்கினு, ஸ்கூல் வேன் வர்ற எடத்துக்குப் போயி நிப்பேன்.

— டெய்லி?

— ஞாயித்துக்கெழம வேன் வராது.

— இன்னிக்கி ஞாயித்துக்கெழமதான் மாமா. சட்டைய தேச்சிக்கினு இருக்கீங்க.

— நாளைக்கிப் போட.

— சாயங்காலம் கோலியனூர்ல எங்க வீட்டுக்கு வர்றப்ப போட இல்லையே?

— காப்பி குடி சங்கவி. ஆறிடும்.

— இது காப்பியா? சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்குது. பேச்ச மாத்தாதீங்க. எங்கப்பா நேத்து போன்ல என்ன சொன்னாரு?

— பூவாடைக்குப் படைக்கறோம், வந்துடுங்க மாப்ளன்னாரு.

— நீங்க?

— சரின்னேன்.

— எதுக்குப் படைக்கறாங்கன்னு தெரியுமா?

— தெரியும்.

— தெரியாது. தெரிஞ்சிருந்தா இஸ்திரிப் பெட்டிய புடிச்சிக்கினு நிக்க மாட்டீங்க. நல்லா கேளுங்க. கெணத்தாண்ட போயி, கலசத்துல தண்ணி மொண்டு, வா அருணா, வந்து எறங்குன்னு எங்க அக்காவ கூப்பிடுவாங்க. தாலியோட செத்தவளாச்சே, அதனால இப்ப அவ சாமி. கலசத்த வீட்டுக்குக் கொண்டாந்து வெச்சிப் படைப்பாங்க. பெரியம்மா தலைய விரிச்சிப் போட்டுக்கினு ஆடும். அக்கா வந்துட்டான்னு எல்லாரும் கன்னத்துல போட்டுப்பாங்க. எந் தங்கச்சிய எம் புருசனுக்கே குடுங்கன்னு பெரியம்மா வாயால அக்கா உத்தரவு குடுப்பா. அங்கயே தட்டு மாத்திடுவாங்க. தை பொறந்தா எங்கழுத்துல நீங்க தாலி கட்டணும்.

— தெரியும்னு சொன்னேன்ல.

— தெரிஞ்சும் சரின்னீங்களா?

— போன மாசம் கேட்டாங்க. உங்க இஷ்டம்னேன்.

— எங்க பக்கம் மாப்பிள்ள உங்க இஷ்டம்னு சொன்னா சம்மதம்னு அர்த்தம். நீங்களும் அந்தப் பக்கத்து ஆளுதான், உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?

— எனக்கு ஒண்ணும் தோணல. கேட்டாங்க, வாயில வந்தத சொன்னேன்.

— எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல மாமா. வாயில வர்றத சொல்றதுக்குக்கூட எனக்கு எடம் இல்ல. அதான் சிநேகிதிய பாத்துட்டு வர்றேன்னு பொய் சொல்லிட்டு, விழுப்புரத்துல மொத பஸ்ஸ புடிச்சி திண்டிவனம் வந்து எறங்கினேன். போன எடுங்க. எங்கப்பாகிட்ட வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போயிக்கினே இருக்கேன்.

— நீயே சொல்லேன்.

— சொல்லலன்னு நெனைக்கறீங்களா? நடு வீட்ல நின்னு கத்தினேன். எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? சாவும்போது எம் பொண்ணு வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான், அதயும் இல்லைன்னு சொல்லி அவள அலைய விடப் போறியான்றாங்க. இதுக்கு நான் என்னா பதில் சொல்ல? உயிரோட இருந்தா தலமுடிய புடிச்சி சண்ட போட்டிருப்பேன். செத்தவகிட்ட எப்டி சண்ட போடறது?

— கத்தாத. கீழ் வீட்ல ஆள் இருக்காங்க.

— இருக்கட்டும். தோ, சிலிண்டருக்குப் பின்னாடி கெடக்குதே, அது என்னா?

— புக்கு.

— எம் புக்கு. புத்தகத் திருவிழாவுல ஒங்களுக்குன்னு வாங்கியாந்தது. புடிக்கலன்னா திருப்பிக் குடுத்திருக்கலாம்ல.

— படிச்சேன்.

— படிச்சிட்டு சிலிண்டருக்குப் பின்னாடி வெச்சீங்களா?

— வெக்கல. எறிஞ்சேன். அங்க போயி விழுந்திச்சி.

— எறிஞ்சீங்களா?

— நீ எதுக்கு அத எனக்குக் குடுத்த?

— பாம்பு கடிச்ச பொண்ணோட கத. படிச்சா நீங்க அழுவீங்கன்னு நெனச்சேன். காரியத்தன்னிக்கிக்கூட நீங்க அழல. பந்தல்ல சேர் எண்ணி வெக்கறவன் மாதிரி நின்னுக்கினு இருந்தீங்க. கல்லு மனுசன்னு பேசினாங்க. எனக்கு அது ஒறுத்திச்சி.

— அழ வெக்க ஒரு புக்கு.

— அப்டி இல்ல. அது சும்மா எழுதின கத இல்ல மாமா, புராணத்துல வர்றதுதான். ரிஷி பையன் ஒருத்தன், வாயில நொழையாத பேரு. அவனுக்கு நிச்சயம் பண்ண பொண்ணு, கல்யாணம் நெருங்கறப்ப பாம்ப மிதிச்சி செத்துட்றா. அவன் காட்டுல போயி அழறான். மேலேர்ந்து ஒரு தூதன் வந்து, உன் ஆயுசுல பாதிய குடு, அவள எழுப்பித் தர்றேன்றான். இவன் குடுத்துட்றான். அவ தூங்கி எழுந்தாப்ல எழுந்துக்கறா.

— நான்தான் படிச்சேன்னு சொன்னேனே.

— அத இந்தக் காலத்துல நடக்கறாப்ல எழுதியிருக்காரு. பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். தூதன் ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு டை கட்டிக்கினு வர்றான்.

— டை கட்டிக்கினு.

— ஆமா.

— வராண்டாவுல நானும்தான் ஒக்காந்திருந்தேன். டை கட்டினவன் எவனும் வரல. கூட்டற அம்மா வந்து கால தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். அவ்ளோதான் நடந்திச்சி. பாதி ஆயுசான்னு கேட்டிருந்தா மொத்தத்தயும் எடுத்துக்கன்னிருப்பேன். கேக்க ஒரு நாயி வரல. இந்தாளு ஃபேனுக்கு அடியில ஒக்காந்துக்கினு எழுதறான், பையன் ஒரு கையெழுத்துப் போட்டான், அவ கண்ணத் தொறந்தா. ஒரு கையெழுத்து. பேங்க்ல அக்கவுண்டு தொறக்கறாப்ல.

— மாமா.

— என்ன?

— இத்தன மாசத்துல நீங்க இவ்ளோ பேசி நான் பாத்ததில்ல.

— நீ கேட்ட. சொன்னேன்.

— எனக்குப் புடிச்சது அந்தக் கையெழுத்து இல்ல. அதுக்கப்பறம் வர்றது. பழைய கதையில அவ ஒரு வார்த்த பேச மாட்டா. செத்தா, எழுந்தா, தாலி கட்டிக்கினா. இதுல அவ பேசறா. என்ன கேட்டியா நீ? உன் பாதி ஆயுச எந்தலையில ஏத்தி வெச்சிட்டு, காலம் பூரா நான் உனக்குக் கும்பிடு போடணுமா? இப்டி அவன நிக்க வெச்சி கேக்கறா. அந்தப் பக்கத்த பஸ்ல நின்னுக்கினே படிச்சேன். எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன். இருங்க, காட்றேன். கடைசிக்கு முன்னாடி... மாமா, என்னா இது?

— என்ன?

— அடிச்சி வெச்சிருக்கீங்க.

— ம்.

— செவப்புப் பேனாவால. பேப்பர் கிழியற அளவுக்கு. இந்தப் பக்கமும். இதுவும். அவ பேசற எடம் பூரா அடிச்சி வெச்சிருக்கீங்க.

— ஆமா.

— அவன் பேசறத அடிக்கல. டை கட்டினவன் பேசறத அடிக்கல. அவ பேசறத மட்டும்.

— அவ பேசல.

— புக்குல பேசறாளே.

— எழுதினவன் பேசறான். அவ செத்துட்டா சங்கவி. செத்தவ வாய்க்குள்ள பூந்துக்கினு இவன் பேசறான். எழுந்து வந்து அவ என்ன கேப்பான்னு இவனுக்கு எப்டித் தெரியும்? உங்க அக்கா அன்னிக்கி எழுந்திருந்தா இப்டி மேடப் பேச்சு பேசியிருப்பாளா?

— மாட்டா. பசிக்குதுன்னிருப்பா.

— பேசாத.

— ஏன், நான் சொல்லக் கூடாதா?

— நீயும் சொல்லக் கூடாது. நானும் சொல்லக் கூடாது. அவ பசிக்குதுன்னு சொல்லல. எதுவும் சொல்லல. ஆளாளுக்கு அவளுக்குப் பதிலா பேசறதுக்கு இங்க யாரும் யாருக்கும் எழுதிக் குடுக்கல. இவனுக்கு எவன் குடுத்தான் அந்த உரிமைய?

— அப்போ எங்க பெரியம்மாவுக்கு எவன் குடுத்தான்?

— அது வேற.

— என்னா வேற? ரஞ்சித் சார், நல்லா கேளுங்க. எவனோ எழுதின புக்குல, ஊரு பேரு தெரியாத ஒருத்தி பேசினதுக்கு ஒங்களுக்கு இவ்ளோ கோவம் வருது. பரீட்ச பேப்பர் திருத்தற பேனாவ எடுத்து வரிவரியா அடிச்சிருக்கீங்க. இன்னிக்கி சாயங்காலம் எங்க பெரியம்மா அக்கா வாய்க்குள்ள பூந்துக்கினு பேசப் போவுது. எங்கம்மா டெய்லி பேசிக்கினு இருக்காங்க. அத அடிக்கறதுக்கு மட்டும் பேனாவுல மை இல்லையா?

— விடு.

— விட மாட்டேன். புக்குகிட்ட கோவப்பட்டா அது திருப்பிப் பேசாது. அதனால அதுகிட்ட ஒங்க வீரத்த காட்டியிருக்கீங்க.

— வாய அடக்கு சங்கவி.

— அடக்கறேன். ஒண்ணே ஒண்ணுக்கு பதில் சொல்லுங்க, அடக்கிக்கறேன். அக்காவ பாம்பு கடிச்சதும் எங்கம்மா மயங்கி விழுந்துட்டாங்க. நான் அவங்க மூஞ்சில தண்ணி அடிச்சிக்கினு இருந்தேன். அப்பா வண்டிய எடுத்துக்கினு பின்னாடி வந்தாரு. ஆட்டோவுல அக்காகூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். எங்கம்மா சொல்ற மாதிரி அவ சொன்னாளா, சொல்லலையா?

— எம் போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— உங்கம்மா.

— எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் இருக்கேன்னு சொல்லாதீங்க.

— அத்த.

— மாப்ள, கெளம்பிட்டீங்களா? பூக்காரன் இன்னும் வரல, ஒங்க மாமா ஒரு பக்கம் கத்தறாரு, ஒரே பேஜாரா இருக்குது இங்க. வெயில் ஏற்றதுக்குள்ள ஜல்தியா வந்துடுங்க. எதுனா சாப்ட்டீங்களா? அந்த குக்கர் சோத்தயே துன்னுக்கினு கெடக்காதீங்க. கேப்ப அட சுட்டு வெச்சிருக்கேன்.

— அத்த, ஒண்ணு கேக்கணும்.

— கேளுங்க.

— அருணா கடைசியா என்ன சொன்னா?

— இது என்னா கேள்வி மாப்ள, நல்ல நாளும் அதுவுமா? நீங்கதான எனக்கு சொன்னீங்க.

— நான் என்ன சொன்னேன்?

— ஆஸ்பத்திரி வாசல்ல ஒங்க சட்டைய புடிச்சிக்கினு கேட்டேனே. எம் பொண்ணு என்னா சொன்னா, கடைசியா என்னா சொன்னான்னு. சங்கவின்னு சொன்னா அத்தன்னீங்க.

— அந்தப் பேர மட்டும்தான் சொன்னேன்.

— அதுக்கு என்னா அர்த்தம்? புள்ளகுட்டி இல்லாம போறவ, புருசன தனியா விட்டுட்டுப் போறவ, தங்கச்சி பேர எதுக்கு எடுப்பா? நம்ப வழியில அதுக்கு வேற அர்த்தம் இருக்குதா? எங்கம்மாவோட அக்கா சாவும்போதும் இப்டித்தான் எங்கம்மா பேர சொல்லிச்சாம். எங்கம்மாவ அங்கதான் குடுத்தாங்க.

— காரியத்தன்னிக்கி நீங்க சொன்னப்ப அது சங்கவிய பாத்துக்கங்கன்னு இருந்திச்சி.

— சொல்லியிருப்பா.

— அமாவாசைக்கு, சங்கவிய அவருக்கே குடுத்துடுங்கன்னு ஆச்சி. போன வாரம் உங்க அண்ணன்கிட்ட சொல்றப்ப, எம் மீதி ஆயுச எந் தங்கச்சி வாழட்டும்னு கை எடுத்து கும்பிட்டாளாம். நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்.

— கனவுல வந்து சொன்னா மாப்ள. எனக்கு மட்டும் தெரியாதா எது நடந்திச்சி, எது கனவுன்னு? தெரியல. இப்பல்லாம் தெரியல.

— அத்த, அழாதீங்க.

— அழாம என்னா பண்றது? அவ போயிட்டா. நாளைக்கி நீங்க எவளயோ கட்டிக்கினு வந்தா அந்த வாசப்படிய நான் மிதிக்க முடியுமா? எம் பொண்ணு கூட்டிப் பெருக்கின வீடு அது. வர்றவ அவ போட்டோவ கழட்டிப் பரண்ல போடுவா. சங்கவி இருந்தா போட்டோ செவுத்துல இருக்கும். அதுக்குத்தான் மாப்ள. தப்பா?

— அப்போ நான் என்னா, ஆணியாம்மா? அக்கா போட்டோ மாட்ற ஆணியா நானு?

— ஏய். நீ அங்கயா இருக்கற?

— ஆமா.

— சிநேகிதி வீட்டுக்குன்னு சொல்லிட்டு அங்க போயி நிக்கறியா? தட்டு மாத்தறதுக்கு முன்ன தனியா அந்த வீட்ல போயி... ஊர்ல தெரிஞ்சா காறித் துப்புவாங்கடி. மாப்ள, நீங்களாவது சொல்லக் கூடாதா?

— துப்பட்டும். எனக்கு வேணாம்மா. மாமாவ எனக்குப் புடிக்கும், மாமாவா. இவரு சோறு துன்றப்ப, அக்கா எங்க நின்னு போட்டிருப்பா, எந்தக் கரண்டிய புடிச்சிருப்பான்னு பாத்துக்கினே ஆயுசு பூரா என்னால நிக்க முடியாது. அவ வாழ வேண்டியத நான் ஏன் வாழணும்? எனக்குன்னு ஒண்ணு இல்லையா?

— நானா சொல்றேன்? உங்கக்கா கேட்டது அது.

— கேட்டாளா? மாமா, இப்ப சொல்லுங்க. எங்கம்மா காதுல விழறாப்ல சொல்லுங்க. கேட்டாளா?

— மாப்ள, நீங்க ஏன் வாயத் தொறக்க மாட்டேன்றீங்க?

— சொன்னா அதயும் மாத்திடுவீங்க அத்த.

— என்னாத்த மாத்தறோம் நாங்க?

— எல்லாத்தயும். ஒரு பேரு குடுத்தேன். அத வெச்சி ஒரு கல்யாணமே கட்டிட்டீங்க. முழுசா குடுத்தா என்ன ஆவும்? பெரியம்மா அதுக்கு ஆடும். மாமா அதுல நாலு வார்த்த சேப்பாரு. அடுத்த வருசம் படைக்கறப்ப, அவ சொன்னது எது, நீங்க சேத்தது எதுன்னு எனக்கே தெரியாமப் போயிடும். அவ பேசினதுல யாரும் ஒண்ணும் சேக்காதது அது ஒண்ணுதான் இருக்குது எங்கிட்ட. அதான் பேர மட்டும் சொல்லிட்டு மீதிய வெச்சிக்கினேன்.

— அப்போ மீதின்னு ஒண்ணு இருக்குதா?

— இருக்குது.

— எங்கிட்ட சொல்லாம வெச்சிருந்தீங்களா? பெத்தவ நானு.

— ஆமா அத்த.

— மாமா, அது எம் பேர்ல ஆரம்பிக்கிதுன்னு சொன்னீங்க. அப்போ அதுல எனக்கும் பங்கு இருக்குது. நீங்க மட்டும் பூட்டி வெச்சிக்கினா எப்டி? நீங்க பூட்டி வெச்சதாலதான ஆளாளுக்கு ஒண்ண பேசறாங்க. அந்தப் புக்கு எழுதினவராச்சும் அவ பேசினது தெரியாம எழுதினாரு. ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சரின்னீங்க.

— ம்.

— ம்னா?

— அத்த, நீங்களும் ஸ்பீக்கர்ல போடுங்க. மாமா இருக்காரா?

— தோ, வந்துட்டாரு. பெரியம்மாவும் இருக்குது.

— இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். ஒரு தடவதான் சொல்லுவேன். நடுவுல யாரும் அழக் கூடாது.

— சொல்லுங்க மாப்ள.

— மழ வர்றாப்ல இருக்குதுன்னு, களத்துல காயற மல்லாட்ட கடலய மூட தார்ப்பாய இழுத்தா. அதுக்கடியில பாம்பு இருந்திச்சி. அது உங்களுக்குத் தெரியும். ஆட்டோவுல ஏத்தினப்ப நல்லாத்தான் பேசிக்கினு இருந்தா. கால் எரியுதுன்னா. டிரைவர் பாட்டு போட்டிருந்தான், அண்ணா அத நிறுத்துங்கன்னா. பாம்ப அடிச்சாங்களா, விட்டுட்டாங்களான்னு கேட்டா. சாவப் போறோம்னு அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊசி போட்டா ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்னுதான் ரெண்டு பேரும் பேசிக்கினு போனோம்.

— அப்புறம்?

— எம் மடியில படுத்துக்கினா. அட்மிட் பண்ணுவாங்களே, மாத்திக்கத் துணி இல்லையேன்னா. நான் சொன்னேன், சங்கவிகிட்ட சாவிய குடுத்து திண்டிவனம் அனுப்பறேன், உன் பீரோவத் தொறந்து எடுத்தாருவான்னு.

— அதுக்கு?

— எழுந்து ஒக்காந்துட்டா. கால் வலியெல்லாம் மறந்து போயி. அப்டி ஒரு கோவம். அத சொல்லிட்டு சாஞ்சா, பைபாஸ் வந்தப்ப கண்ணு சொருகிச்சி. அதுக்கப்பறம் பேசல.

— என்னா சொன்னா மாமா?

— ‘சங்கவியா? அவள எம் பீரோகிட்ட விட்டீங்க, அவ கையயும் ஒடிப்பேன், ஒங்க கையயும் ஒடிப்பேன். எம் பொருளு ஒண்ணக்கூட அவளுக்கு விட்டுக் குடுக்க மாட்டேன் நானு.’